குர்பான் ஆடும் கோப்பி நிழலும்

கோப்பிச் செடிக்கு எவ்வளவு நிழல் போதும்? மூன்று வருஷமாகக் கேட்கிறேன். இன்னும் பதில் தெரியாது.

விவசாய அலுவலர் சொன்னது மனப்பாடம். தென்னை மட்டும் போதாது, பல சாதி மரம் வேண்டும். மழை தொடங்கும்போது கொப்புகளைக் கழிக்கலாம், வெயில் காலத்தில் கை வைக்கக் கூடாது. சிலாபத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் தென்னந்தோட்டத்தில் பலா ஏற்கெனவே நின்றது. கோப்பி வரிசைகளுக்கு நடுவே முள்முருக்கும் கிளிசிறிடியாவும் நட்டேன்.

பிறகு... நிழல் கூடிவிட்டதோ? குறைந்துவிட்டதோ? மகளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இலைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

இந்த வருஷம்தான் முதல் காய். பச்சைப் பாசிமணி மாதிரி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்பு, மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால் — தோட்டம் முழுக்க வெளிச்சம்! முள்முருக்கு மொட்டை. கீழே கொக்கத்தடியோடு என் மாமியார். பக்கத்தில் குர்பான் கொடுக்க வாங்கிய ஆடு, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மாமி இது! கோப்பிக்கு நெழல் வேணுமே?"

"ஒண்ட மகளுக்குப் போடுற மாதிரி கோப்பிக்கும் ஒரு தொப்பி போடு புள்ள. அல்லாஹ்வுக்காகக் குடுக்கிற ஆடு. மெலிஞ்சி நிண்டா நல்லமா?"

மார்க்க விஷயம் ஆயிற்றே.

மறுநாள் பலாக் கொப்பு. அடுத்த நாள் கிளிசிறிடியா.

"நீதானே செல்லின, பல சாதி மரம் நல்லம் எண்டு. ஆட்டுக்கும் அதுதான் புடிச்சிருக்கு!"

பல சாதி மரம் வைத்தால் பூச்சி குறையும் என்றார் அலுவலர். உரிமைக்காரர் கூடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

கணவரிடம் முறையிட்டேன். "நான் உம்மாட கட்சியுமில்ல, கோப்பிக் கட்சியுமில்ல" என்று சைக்கிளை எடுத்தவர், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார்.

இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. காய்கள் சில கறுத்து விழுந்தன. அழுகை வந்துவிட்டது எனக்கு. தடி ஊன்றித் தென்னங்கிடுகு கட்டி மறைக்கப் பார்த்தேன். நான் அல்லாடுவதைப் பார்த்த மாமி வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"கட்டி முடிச்சி, தாலாட்டும் பாடிட்டு வா" என்றார். ஆனால் கடைசிக் கிடுகு வரை கூட நின்றவரும் அவர்தான்.

பாதிக் காய் தப்பியது. பெருநாளும் முடிந்தது. முள்முருக்கு துளிர்விட்டது. அப்பாடா என்றிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை வாசலில் ஓட்டோச் சத்தம். மாமி இறங்கினார். கூடவே இரண்டு ஆட்டுக்குட்டிகள்.

"அடுத்த பெருநாளைக்கு நம்மட கையால வளத்துக் குடுப்போம் புள்ள."

குட்டிகள் இரண்டும் அண்ணாந்து பார்த்தது அந்தத் துளிரைத்தான்.

வாசகர்களே, நல்ல நிழல் தந்து, ஆட்டுக்குக் கொஞ்சமும் பிடிக்காத மரம் ஏதாவது உங்கள் தோட்டத்தில் நிற்கிறதா? தயவுசெய்து எழுதுங்கள். ஒரு விஷயம் — கொஞ்சம் இரகசியமாக எழுதுங்கள். இந்தப் பத்தியை வாராவாரம் முதல் ஆளாக வாசிப்பவர் என் மாமி!