ரெண்டு தட்டினால் விடு

நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். யார் காலிலும் விழுந்து நம்பவைக்கப் போவதில்லை. பேய் என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மணி மூன்றேகாலுக்கு, எங்கள் ஒர்க்‌ஷாப்பில்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் என்ஜினீயரிங். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் "பொண்ணா?" என்று பல்லிளித்தார்கள். போங்கடா என்று அண்ணனுடைய ஒர்க்‌ஷாப்பிலேயே இறங்கிவிட்டேன். அவனுக்கு நான் 'என்ஜினீயரம்மா'. வாய்தான் அப்படி. நான் படிக்கவேண்டும் என்று பத்தாவதோடு தன் படிப்பை விட்டவன் அவன்.

அன்று ஒரு கோழிப்பண்ணைக்காரர் பழைய பிக்கப் வண்டி ஒன்றை விட்டுப் போயிருந்தார். கிளட்சில் சத்தம்.

கிளட்ச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்து விடவேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்கவேண்டும். இன்ஜின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் கீழே இருப்பவர் ஸ்குரூ டிரைவரால் தட்டுகிற தட்டுதான் எங்கள் பாஷை. ஒரு தட்டு என்றால் மிதி. ரெண்டு தட்டு என்றால் விடு. யோசிக்கவே மாட்டோம். காது கேட்கும், கால் செய்யும்.

"ஹேண்ட் பிரேக் பிடிக்கல. சக்கரத்துக்குக் கல்லு வைண்ணா."

"ரெண்டு நிமிஷ வேலைக்குக் கல்லா? பாடம் எடுக்காம ஏறி உட்காரு, என்ஜினீயரம்மா."

இன்ஜின் அடிக்கடி அணைந்தது. வலது காலை ஆக்சிலேட்டரிலேயே வைத்திருந்தேன்.

டக். மிதித்தேன். சத்தமில்லை.

டக் டக். விட்டேன். சத்தமில்லை.

அண்ணன் தலையை வெளியே நீட்டினான். "மிதிச்சுக்கிட்டே ஃபர்ஸ்ட் கியர் போடு. நான் சொல்ற வரைக்கும் விட்றாத!"

போட்டேன். இனி கிளட்சிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்னால் பாயும்.

வந்தது... கீச்ச்ச்... யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுவதுபோல.

டக் டக்.

கால் தானாக மேலே எழும்பியது. பாதி வரை. வண்டி ஓர் உதறு உதறியது.

பக்கக் கண்ணாடியில் அண்ணனின் வயிறு தெரிந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால். வயிற்றின் மேல் அவன் இரண்டு கைகளும் கோத்திருந்தன. ஸ்குரூ டிரைவர்... வெளியே, முழங்கால் பக்கத்தில் கிடந்தது.

டக் டக்.

பெடலை அடிவரை மிதித்தேன்.

டக் டக்... டக் டக்...

என் உள்ளங்காலுக்கு நேர் கீழே.

சாவியைத் திருகினேன். இன்ஜின் நின்றது.

டக் டக்.

அண்ணன் புரண்டு வெளியே வந்தான். "ஏன்டி அணைச்சே?"

"நீதானே விடச் சொல்லித் தட்டினே?"

"நான் எங்க தட்டினேன்? நீதான் மேல உட்கார்ந்து காலால தட்டி விளையாடுறேன்னு நெனச்சேன்."

அவன் போய்க் கல் எடுத்துவந்து நான்கு சக்கரத்துக்கும் வைத்தான்.

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே ஒரு பேரிங் தேய்ந்திருந்தது. கீச்சுக்குக் காரணம் அது. தட்டுக்கு? ஆடுகிற பொருள், தளர்ந்த போல்ட்... எதுவும் இல்லை. நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வண்டியை எடுக்க வந்த பண்ணைக்காரரை மறித்துக் கேட்டேன். "இதை யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஒரு மெக்கானிக் வீட்டுலம்மா. அவரு இதுக்கு அடியிலயே போய்ட்டாரு. இதே கிளட்ச் சத்தம்தான் பார்த்துக்கிட்டு இருந்தாராம். மேல உட்கார்ந்திருந்தது அவரு தங்கச்சி. 'ரெண்டு தட்டு கேட்டுச்சு, விட்டேன்'னு அந்தப் பொண்ணு இன்னிக்கும் சொல்லுதாம். கிறுக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க."

"ஏன் நம்பல?"

"எப்படிம்மா நம்புறது? அவரு ஸ்குரூ டிரைவர் வண்டிக்கு வெளியில கிடந்துச்சாம். ரெண்டு கையும் வயித்து மேல கோத்தபடி..."

அண்ணன் கைகளைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிட்டிருக்கவில்லை.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ தெரியாது. அவளுக்காகத்தான் இதை எழுதினேன். ரெண்டு தட்டு கேட்டது. எனக்கும் கேட்டது.