அழகம்மை வீட்டில் நான் போட்ட தேத்தண்ணி

போன மாதம் எல்ல ஊர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வாசலிலிருந்து இறங்கினால் ஒன்பது கண் ரயில் பாலம். நான் குமரியாக இருந்த காலத்தில் அந்தப் பாலத்தை யாரும் நின்று பார்த்ததில்லை. விறகுக்கட்டோடு கடக்கிற வழி, அவ்வளவுதான். இப்போது அங்கே கால் வைக்க இடமில்லை. ரயில் வருகிற நேரத்துக்கு வெள்ளைக்காரர்கள் ஈசல் மாதிரி வந்து மொய்க்கிறார்கள். மகள் அங்கே சின்னதாக ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்தக் கடை வாங்குப் பலகையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

எதையாவது தொலைத்துவிட்டதோ என்று பதறிப் போய், கூட்டி வந்த டிரைவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தப் பிள்ளையின் நாட்டு டீவியில் வந்த ஏதோ ஒரு நாடகத்தில் இந்தப் பாலத்தைக் காட்டினார்களாம். காதலித்தவர்கள் இரண்டு பேரும் இதன்மேல் நின்றுதான் பிரிந்தார்களாம். அன்றிலிருந்து இதைப் பார்க்கவேண்டும் என்று இருந்து, இன்றைக்கு வந்து பார்த்து, அழுகிறதாம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சேர்ந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நாடகத்தில் பார்த்த ஒரு வீட்டுக்காகக் கடல் தாண்டிப் போனவள் நான். போனது மட்டுமா, அந்த வீட்டு அடுப்பில் தேத்தண்ணியும் போட்டுவிட்டு வந்தவள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முதல் டீவி வந்தது என் ஒற்றை அறைக் காம்பராவுக்குத்தான். பெரியண்ணன் கொழும்பிலிருந்து கொண்டு வந்த சின்னப் பெட்டி, கறுப்பு வெள்ளை. லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. லொறிக்குப் போடுகிற பெட்டரியைப் பதுளை டவுனில் சார்ஜ் பண்ணி, சாக்கில் கட்டித் தலையில் தூக்கி வருவோம். இப்போதும் வாகனம் திருத்துகிற கடையைத் தாண்டும்போது அந்த ஆசிட் நெடி வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு அழகம்மை ஞாபகத்துக்கு வருகிறாள்.

அழகம்மை யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தியா நாடகம் ஒன்றில் மருமகள். ஏழை வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாமியார்க்காரி அவளை முன்வாசல் வழியாக வரவிடமாட்டாள். பின்பக்கச் சந்து வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது. அந்த வீடு இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரைக்கும் கதவுக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் கதவு, எல்லாம் ஒரே நேராக. அந்தக் கடைசிக் கதவில் அழகம்மை ஒரு அரிசிமணி அளவுக்கு நிற்பாள். நடுவில் ஒரு கதவு கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று மாமியார் கண்டுபிடித்துவிடுவாள்.

இதையெல்லாம் நாங்கள் எந்த லட்சணத்தில் பார்த்தோம் என்று கேட்காதீர்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அதில் மூங்கில் நட்டு அன்டெனா கட்டியிருந்தோம். நாடகம் தொடங்கினால் ஒருவர் அங்கே நின்று மூங்கிலைத் திருப்ப வேண்டும். "வருதா?" என்று மேட்டிலிருந்து கத்துவார்கள். "வருது, வருது, ஐயோ போச்சு" என்று உள்ளேயிருந்து கத்துவோம். பாதி நாள் அழகம்மைக்கு இரண்டு தலை இருக்கும்.

ஒரு காம்பராவுக்குள் எத்தனை பேர் உட்கார முடியும்? மற்ற லயத்துப் பெண்களுக்கு மறுநாள் காலையில் நான்தான் டீவி. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, யாருக்கு எந்த மலை என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடும்போதே பெண்கள் என் பக்கத்துத் தேயிலை நிரையைப் பிடிக்க முந்துவார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, கூடையை மாட்டி, கொழுந்தில் கை வைத்ததும் முதல் கேள்வி வரும். "நேத்து என்னாச்சு?"

நான் தொடங்குவேன். மாமியார் குரல் ஒன்று, அழகம்மை குரல் ஒன்று. பனி இறங்கி முன்னால் நிற்கிற ஆளே தெரியாது. என் குரல் மட்டும் நிரை தாண்டி நிரை போகும். தூரத்தில் இருப்பவள் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டு அடுத்தவளுக்குச் சொல்வாள். கடைசி நிரைக்குப் போய்ச் சேரும்போது மாமியார் கன்னத்தில் அறைந்தது காலை உடைத்ததாக மாறியிருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பேப்பரை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கதை சொன்னால் கொழுந்து பறிக்கிற கை நிற்காது, கண்ணீரும் நிற்காது. இதை நானே சொல்லக்கூடாது, வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் நாடகம் நின்றுபோனது. முடிக்கவில்லை, சொல்லவில்லை, அந்த நேரத்துக்கு வேறு எதையோ போட்டார்கள். அழகம்மை பின்வாசலில் நின்றபடியே நின்றுவிட்டாள். பெண்கள் தினமும் கேட்டார்கள்.

அப்போதுதான் பள்ளத்து லயத்து மருதாயி வாயைத் திறந்தாள். என் வயசுக்காரி; எனக்கு நிகராகக் கொழுந்து பறிப்பவள். எனக்கு நிகராகப் பேசவும் வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பண்டாரவளையில் சொந்தக்காரர் வீட்டுக் கலர் டீவியில் அந்த நாடகத்தை ஒருநாள் பார்த்திருக்கிறாள்.

"கதவச் சாத்துனா சுவரு ஆடுது, புள்ள. அது காட்போட் அட்ட வீடு. கழட்டி மடிச்சு வச்சிட்டானுங்க, அதான் கதை நின்னுபோச்சு. இவ இம்புட்டு நாளா காட்போட்ட வச்சு நம்மள அழவச்சிருக்கா."

நிரையெல்லாம் சிரித்தது. எனக்குக் கொழுந்துக்குப் பதிலாக முற்றிய இலை கையில் வந்தது. என் டீவியில் சுவர் மட்டுமா ஆடும், மாமியாரும் சேர்ந்து ஆடுவாள். நான் என்னத்தைக் கண்டேன்? ஆனாலும் விடவில்லை. அந்த வீடு நிஜம், அந்தக் கத்துகிற கதவைத் தொட்டுவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன் என்றேன். பண்டாரவளையைத் தாண்டாதவள் இந்தியாவுக்குப் போகிறாளாம் என்று மறுபடியும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் பக்கத்து நிரைக்கு யாரும் முந்தவில்லை. வேறு கதை சொன்னாலும், "காட்போட் கதையா?" என்று கேட்டார்கள். அது வருஷக்கணக்காக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

காலம் போனது. டீவி கலராகி, போன் வந்து, நான் மலை வேலையிலிருந்து நின்றும் விட்டேன். வெளிநாட்டில் இருக்கிற மகன் ஒருநாள் போனில், "அம்மா, நடராசாண்ணன் இந்தியாவுக்குக் கோயில் பயணம் கூட்டிப் போறாரு, நீங்களும் போய் வாங்க" என்றான். எந்தெந்தக் கோயில் என்றுகூட நான் கேட்கவில்லை. என் மனசு நேராக அந்தக் கதவுக்குப் போய்விட்டது.

தெரிந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கட்டினேன். அழகம்மைக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்கப் பதுளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் துணிக்கடைக்குப் போனேன். யாருக்கு என்று நானா கேட்டார். டீவியில் வந்த பிள்ளைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அழகம்மைக்கா? அது மஞ்சள்தான் உடுக்கும்" என்று எடுத்துப் போட்டார். அவரும் கடைக்குள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். அழகம்மையின் சேலை மஞ்சள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் டீவியில் அவளுக்கு நிறமே இல்லை.

விமானத்தில் திருச்சி. அங்கிருந்து பஸ்ஸில் கோயில் கோயிலாக. பிள்ளையார்பட்டியில் கும்பிட்டு வெளியே வந்ததும் பூக்காரி ஒருத்தியிடம் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். கதவெல்லாம் ஒரே நேராக என்று கையைக் காட்டி முடிக்கவில்லை, "அழகம்மை வீடா?" என்றாள். பக்கத்து ஊர்தானாம். என் கால் தரையில் இல்லை.

நடராசா தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் மதுரைக்குப் போகாவிட்டால் நடை சாத்திவிடுவார்களாம். பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள், இந்த அக்கா டீவி வீட்டைத் தேடுகிறது என்று ஒருவர் சொன்னார். நான் படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னேன்.

"என் பாட்டன் எந்த ஊரிலேருந்து வந்தாருன்னு சொல்ல எங்க வீட்டுல ஆளில்ல, தம்பி. எனக்கு இந்த நாட்டுல தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதான்."

தம்பி டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

வீடு இருந்தது. தெரு முழுக்க நீளத்துக்கு இருந்தது. ஆனால் முன்கதவு பூட்டியிருந்தது. பார்த்துக்கொள்கிற பெண் பின்சந்திலிருந்து சுற்றி வந்தாள். வள்ளியம்மை என்று பெயர். உள்ளே விட முடியாது என்றாள். "வெளிநாட்டுக்காரங்க வந்தா மட்டும்தான் தொறந்து காட்டச் சொல்லியிருக்காரு முதலாளி."

நான் மடியிலிருந்து பாஸ்போட்டை எடுத்தேன்.

"நானும் வெளிநாட்டுக்காரிதாம்மா. பாரு."

என் அப்பா சாகிறபோது அவர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இலங்கையிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. அவர் மகள் நான், என் பாட்டன் விட்டுவந்த மண்ணில், வெளிநாட்டுக்காரியாக ஒரு அரண்மனை வாசலில் நின்றேன். வள்ளியம்மை பாஸ்போட்டைப் பார்த்தாள், என் செருப்பைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். சாவியை எடுத்தாள். முன்கதவு திறந்தது.

கதவுக்குப் பின்னால் கதவு. கடைசியில் ஒரு பொட்டு வெளிச்சம். நான் வலது காலை எடுத்து வைத்து முன்வாசல் வழியாக நடந்தேன். நடுக்கதவைத் தொட்டதும் கிரீச்சென்று கத்தியது. வருஷக்கணக்காகக் கேட்காத சொந்தக்காரக் குரலைக் கேட்ட மாதிரி உடம்பு சிலிர்த்தது. இரண்டு கையாலும் அறைந்து சாத்தினேன். சுவர் ஆடவில்லை.

வள்ளியம்மையிடம் கேட்டேன். படுக்கையறையை மட்டும் மெட்ராசில் காட்போட்டில் போட்டு எடுத்தார்களாம். மற்றதெல்லாம் இங்கேதான். அழகம்மையாக நடித்த பிள்ளை கல்யாணம் முடித்து எங்கேயோ போய்விட்டதாம். அப்போது அந்த மஞ்சள் துணியை என்ன செய்வது என்று நின்றேன். நீ ஏன் பின்பக்கமாக வந்தாய் என்று வள்ளியம்மையைக் கேட்டேன். வேலைக்காரர்களுக்கு அந்த வழிதான், முதலாளியின் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்றாள்.

"அப்ப நீதாம்மா அழகம்மை" என்று துணியை அவள் கையில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். விறகடுப்பு, யாரும் மூட்டி வருஷமாகிறது என்றாள். ஈர விறகில் எரியவைத்த கை இது, காய்ந்த சுள்ளிக்குப் பயப்படுமா? ஊதினேன், பிடித்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலை அந்த வீட்டில் கொதித்து மணந்தது. பஸ்ஸில் முணுமுணுத்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக உள்ளே வந்து, பெரிய கூடத்தில் சம்மணம் போட்டு, வள்ளியம்மை கொடுத்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். வள்ளியம்மையையும் நடுக்கூடத்தில் உட்காரவைத்தேன். மதுரையில் நடை சாத்தித்தான் இருந்தது. சாயந்தரம் திறந்தபோது கும்பிட்டோம். மீனாட்சி கோபித்த மாதிரித் தெரியவில்லை.

மதுரைக்குப் புறப்படுமுன், அந்த வீட்டிலிருந்தே தம்பியின் போனில் மருதாயியைக் கூப்பிட்டேன். முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டேன். லயத்துக்குள் சிக்னல் இல்லை என்று அவள் மகள் அவளைக் கைபிடித்து மேட்டுக்கு ஏற்றிவிட்டாள். நாங்கள் அன்டெனா திருப்பிய அதே மேடு. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நான் போனைக் கதவுகளுக்கு நேரே பிடித்தேன். நடுக்கதவை ஆட்டினேன்.

"கத்துதுடி" என்றாள் மருதாயி.

"படுக்கையறை ஒண்ணு மட்டும் காட்போட்டாம். அத நீ பாத்தது நெசம்" என்றேன்.

"பாத்தியா, அப்ப நான் சொன்னதும் சரி."

"ஒன்னோடது ஒரு ரூமு. என்னோடது வீடு முழுக்க."

அங்கேயும் சிரிப்பு, இங்கேயும் சிரிப்பு. பின்னால் அவள் மகளும் சிரிப்பது கேட்டது. கடைசியில் மருதாயி முகத்தைப் போனுக்குள் நுழைக்கிற மாதிரிக் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அழகம்மை என்னானா, புள்ள?"

"முன்வாசல் வழியா வந்து, அடுப்பப் பத்தவச்சு, நடுவீட்டுல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சா" என்றேன். பொய்யில்லையே.

ஊருக்குத் திரும்பியதும் பழைய பெண்கள் எல்லோரும் கோயில் வாசலில் கூடினார்கள். கடைசிக் கதையை அன்றைக்குச் சொல்லி முடித்தேன். இப்போது அந்த வீட்டைப் பற்றி ஊரில் அதிகம் பேசுவது மருதாயிதான். தானே போய்க் கதவை ஆட்டிப் பார்த்த மாதிரிச் சொல்லுவாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேட்டில் மூங்கில் இல்லை. கூரைக்குக் கூரை டிஷ் பூத்திருக்கிறது. நாங்கள் பறித்த மலையில் பாதி மானாப்புல் மூடிக் காடாகிவிட்டது. மீதியில் பறிக்கிற பிள்ளைகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நாடகத்தைத் தனியாகக் கேட்டபடி போகிறார்கள். நிரைக்கு நிரை சத்தமில்லை. நேற்று என்ன ஆனது என்று யாருக்கும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

அந்த வெள்ளைக்காரப் பிள்ளை தேத்தண்ணியைக் குடித்து முடித்து மூக்கைத் துடைத்தது. நான் வாங்கில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவரைக் கூப்பிட்டு, கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

"பாலத்துல பிரிஞ்சாங்களே, அதுக்கப்புறம் என்னாச்சு?"

அந்தப் பிள்ளையின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கியது.