கட்டிப் போட மாட்டேன்

எங்கள் தெருவில் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த முதல் தமிழ்ப் பெண் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கென்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாயோடு நடக்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. சீனர்கள் நடப்பார்கள், கடற்கரைப் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் நடப்பார்கள். நம் ஆட்கள் வீட்டு நாய் மட்டும் பின்பக்கம் சங்கிலியில் கிடக்கும். மிச்சச் சோறு தின்ன வேண்டும், ராத்திரி குரைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அது எப்போது கடைசியாக வெளியே போனது என்று கேட்டால், "நாய்க்கு என்னங்க வெளிய வேலை?" என்பார்கள்.

எனக்கும் அப்போது வெளியே வேலை எதுவும் இருந்ததில்லை. பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். தெருமுனையில் பஸ் இறக்கிவிடும். அங்கிருந்து என் வாடகை வீட்டுக் கேட் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தால் அன்றைய நாள் முடிந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருக்கிற பெண் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. சொல்லாமலே கற்றுக்கொண்டுவிட்டேன். அந்தத் தெருவில் அத்தனை வருடம் இருந்தும் மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

கிளினிக்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்றார்கள். ஒரு சாயங்காலம் துணிந்து கிளம்பினேன். வெறுங்கையோடு தெருவில் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பியதில், ஏதாவது தொலைத்துவிட்டேனா என்று இரண்டு பேர் அக்கறையாக விசாரித்தார்கள். ஒருவர் தேடித் தரவும் குனிந்துவிட்டார். மறுநாள் நான் போகவில்லை.

அவன் வந்தது அதற்குப் பிறகுதான். தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தில் படுத்துக் கிடப்பான். பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். நாளைக்கு நாய் பிடிக்கிற வண்டி வரும் என்று காவலாளி சொன்ன அன்று, கூட வேலை செய்கிற பெண்ணின் காரில் அவனை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஊசி, லைசன்ஸ் எல்லாம் முறைப்படி எடுத்தேன். என்னிடம் யாரும் குறை சொல்லக் கூடாது என்பதில் அந்தக் காலத்தில் எனக்கு அவ்வளவு கவனம்.

ஆரம்பத்தில் நான் அவனை நடத்தவில்லை, அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். உள்ளங்கை தோல் உரிந்தது. நாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் போய்க் கேட்டால், அங்கே இருந்த பெண் 'சிட்', 'ஸ்டே', 'கம்' என்று மூன்று சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள். நாய்க்கு எதற்கு இங்கிலீஷ் என்று எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையிடம் தமிழில் பேசுகிறவர்கள்கூட நாயைக் கண்டதும் துரை வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். சோறு போடுவது நான், என் பேச்சில் கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். உட்காரு, நில்லு, இரு, வா. தெருக்கோடித் திடலுக்குப் போனதும் கயிற்றை நீளமாக விட்டு, "போ!" என்று ஒரு சத்தம். அந்தச் சொல்லைத்தான் அவன் எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றான்.

சொன்னதைச் செய்தால் ஒரு வறுத்த நெத்திலி. என் சட்டைப் பையில் எப்போதும் நெத்திலி கிடந்ததால் பஸ்ஸில், "யாருலா கருவாடு கொண்டாந்தது?" என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து தேடுவேன்.

அவனுக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே பெரிய பாடம் ஒதுங்கி நிற்பது. அடுத்த வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர் என்னைவிட இளையவர், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாய் வந்த முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நேராகச் சொல்லிவிட்டார்.

"அக்கா, வளர்க்கறது உங்க இஷ்டம். எங்க மேல படாம மட்டும் பாத்துக்குங்க. தொழப் போற நேரத்துல ஈர மூக்கு பட்டுச்சுன்னா, திரும்பப் போய் முறையாக் கழுவிட்டு வரணும். சிரமம்லா."

"படாது தம்பி. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதனால் எதிரே ஆள் வந்தால் சாக்கடை ஓரமாகப் போய் உட்கார வேண்டும், அவர் கடந்து போகும்வரை எழக் கூடாது என்று பழக்கினேன். மழையில் பழக்கினேன், கோழி எலும்பு கிடக்கிற இடத்தில் நிறுத்திப் பழக்கினேன். பிறகு அவர் வெள்ளைத் தொப்பி தூரத்தில் தெரிந்தாலே அவனாக ஓரம் போய் உட்கார்ந்துகொள்வான். அவர் தள்ளி நின்றே கையைத் தூக்கி, "தேங்க்ஸ் பாஸ்" என்று சொல்லிவிட்டு மசூதிக்குப் போவார். தேங்க்ஸ் எனக்கல்ல, அவனுக்கு.

நாய் கையில் இருந்தால், என்ன தொலைந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாயைப் பற்றிக் கேட்பார்கள், அப்படியே என்னைப் பற்றியும் கேட்பார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு தையற்கார அம்மா இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை இறங்கியது. அதைவிட, சாயங்காலம் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்தக் காரணமும் சொல்லாமல் வெளியே இருக்கிற சந்தோஷம். அதற்கு முன்னால் அது எனக்குக் கிடைத்ததே இல்லை.

வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். நம் ஆள்தான், வயதில் மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். கூரை ஒழுகுகிறது என்று நான் பல தடவை போன் போட்ட பிறகு ஒருநாள் பார்க்க வந்தார். நாங்கள் நடந்து முடித்துத் திரும்புகிற நேரம். அவன் என் கால் ஓரமாக அழகாக வந்துகொண்டிருந்தான். வீட்டுக்காரர் கேட் முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குக் கைத்தொலைபேசியில் யாருடனோ சண்டை. திடீரென்று தெருவே அதிரக் கத்தினார்.

"போ! போ லா! போ!"

என் கையிலிருந்து கயிறு பறந்தது. அவன் திடலை நோக்கி விட்ட ஓட்டத்தில் நடுவில் நின்ற வீட்டுக்காரரைக் கவனிக்கவில்லை. அவர் ஒரு காலைச் சாக்கடையில் விட்டு, ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். சப்பாத்து முழுக்கச் சேறு.

"இது நாயா பிசாசா?" நான் தூக்கிவிடப் போனதும் கையைத் தட்டிவிட்டார். "லோங்காங்ல தள்ளிட்டான் பாருங்க! தங்கச்சி, ஒரு மாசம் டைம் தரேன். நாயா வீடா, நீங்களே முடிவு பண்ணுங்க. பக்கத்துல முஸ்லிம் குடும்பம் இருக்கு, அவங்களுக்கு ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அன்று அவனோடு நான் பேசவில்லை. நெத்திலியும் கிடையாது. இவ்வளவு பாடுபட்டும் இப்படிச் செய்துவிட்டானே என்று அழுகை வந்தது. மறுநாள் கேட்டில் காய்கறி வண்டிக்காரர் சில்லறை கேட்க, ஆன்ட்டி சாதாரணமாக, "போ" என்றார். என் பக்கத்தில் படுத்திருந்தவன் துள்ளி எழுந்து, வாலை ஆட்டித் திடல் பக்கம் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆன்ட்டி பேசும் ஹொக்கியன் சீனத்தில் அது 'இல்லை'. சில்லறை இல்லை, மழை இல்லை, நேரம் இல்லை, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல். ஒலியில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். நாய் அதற்கு மேலா பிரித்துப் பார்க்கும்? அதுவும் அன்றைக்கு ஆன்ட்டி கத்தியது நான் திடலில் கத்துகிற அதே கத்தல். பாவம், பினாங்கு முழுக்க அவனுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தப்பு என்னுடையதுதான். நம் வீடுகளில் யாரையும் மொட்டையாகப் போ என்று அனுப்ப மாட்டோம், போயிட்டு வா என்போம். நாய்தானே என்று விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'கிளம்பு' என்று மாற்றினேன். மலாயில் ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. அன்றிலிருந்து நாங்கள் கடக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே கேட்டில் நின்று, "போ!" என்று கத்துவார். அவன் முதலில் நடுங்கினான், என் முகத்தைப் பார்த்தான், கயிற்றைக் கடித்தான். போகப் போகக் கொட்டாவி விட்டான். "அஞ்சிங் லூ பண்டாய் லா" என்றார் ஆன்ட்டி. உன் நாய் கெட்டிக்காரன். எனக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது போல இருந்தது.

இன்னொன்று மனதை அரித்தது. நாசி கண்டார் கடைக்காரத் தம்பியிடம் நேராகவே கேட்டேன்.

"வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நானா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வாய் இல்லையாக்கா? ஆகாதுன்னா உங்ககிட்ட சொல்வேன். சொன்னேன், நீங்களும் கேட்டுக்கிட்டீங்க, முடிஞ்சிச்சு. எம்பேர யாரு இதுல இழுத்தது?"

மாசம் முடிந்து வீட்டுக்காரர் வந்தபோது, உள்ளே வரச் சொல்லாமல் கயிற்றை எடுத்துக்கொண்டேன். "அண்ணே, ஒரு ரவுண்டு எங்ககூட வாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க." அவர் பழைய சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார், முன்னெச்சரிக்கை. தொழப் போகிற கடைக்காரத் தம்பி எதிரே வந்தார், அவன் ஓரம் போய் உட்கார்ந்தான். ஆன்ட்டி இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினார், அவன் காதை மட்டும் ஆட்டினான். பிள்ளைகள் பந்தை அவன் மூக்குக்கு நேரே உருட்டினார்கள், அவன் என்னைப் பார்த்தான். வீட்டுக்காரர் தானும் சோதிக்க நினைத்து, "சிட்! சிட்!" என்றார். அவன் விளக்குக் கம்பத்தைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தான். நான் "உட்காரு" என்றேன், உட்கார்ந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்டுக்குத் திரும்பியதும் அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"பழக்கிட்டீங்க, ஒத்துக்கறேன். சரி, நாய் இருக்கட்டும்."

நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ஆனா பின்னால கட்டிப் போட்டுருங்க. ரோட்டுல புடிச்சிக்கிட்டு நடக்கற வேலை வேணாம்."

"ஏண்ணே? இப்பத்தானே பாத்தீங்க?"

"நாயச் சொல்லல தங்கச்சி. நல்லாவா இருக்கு? தனியா இருக்கற பொம்பள, சாயங்காலம் ஆனா நாயப் புடிச்சிக்கிட்டு தெருத்தெருவா. பாக்கறவன் யாரக் கேப்பான்? என்னத்தான் கேப்பான். வீடு என் பேர்ல இருக்கு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தங்கைக்கு நல்லது சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த மனுஷன் முன்னால், என் நாய் நல்ல நாய் என்று காட்ட எத்தனை வாரம் மழையிலும் புழுக்கத்திலும் நின்றேன்! அவன் ஒழுங்காக நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். ஒழுங்காக நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று நான் நம்பியது அவன் விஷயத்தில் மட்டுமா? லைனில், சொந்தக்காரர்கள் வீட்டில், இந்தத் தெருவில், எல்லா இடத்திலும் நான் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறேன். ஒருத்தரும் எதையும் அவிழ்த்துவிடவில்லை.

"கட்டிப் போட மாட்டேண்ணே."

"என்ன தங்கச்சி, நாயத்தானே சொன்னேன்?"

"நான் எங்க ரெண்டு பேரையும் சொல்றேன். வீட்டக் காலி பண்ணிடறேன். அதுவரைக்கும் தெனம் நடப்பேன்."

கோபத்தில் பேசாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று கிளம்பினேன். திடலுக்குப் போனதும், "கிளம்பு!" என்று கத்தினேன்.

இப்போது இருக்கிற வீடு சிறியது. மேற்கு வெயில் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொழிற்சாலை பஸ் நிற்கிற இடமும் தூரம். ஒரு நாய்க்காக வீட்டை விட்டுவிட்டாள், புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். என் அக்காவே போனில் கேட்டாள்: "பின்னால ஒரு கொட்டாய் போட்டுக் கட்டியிருந்தா முடிஞ்சிருக்குமேடி?"

முடிந்திருக்கும். அதுதான் எனக்குப் பயம். ஒருநாள் அவனைப் பின்னால் கட்டியிருப்பேன், மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பேன். சொந்தக்காரர்கள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். நான் நடப்பதை நிறுத்திவிட்டேன் என்பது அவர்கள் கண்ணில் பட்டே இருக்காது.

இப்போது படுகிறது. நன்றாகப் பார்க்கட்டும்.