குப்புறப் படுத்துக் கேட்ட கதைகள்

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது என் இடக்கண்ணில் ஒரு கறுப்பு இழை மிதந்தது. அவளுடைய முடிதான் என்று நினைத்துக் கையால் தட்டிவிட்டேன். அது போகவில்லை. மறுநாள் கண்ணின் ஓரத்தில் மின்னல் போல வெளிச்சம் வெட்டியது. அதற்கடுத்த நாள் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு நிழல் திரை போலப் பரவத் தொடங்கியது.

சமைத்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களுக்கும் இப்படித் தெரிந்தால் சமைக்க நிற்காதீர்கள்.

விழித்திரை (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் மெல்லிய படலம்) கழன்றிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து, அந்தப் படலத்தை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். குமிழி மேல்நோக்கித்தான் எழும். அதனால் நான் முகத்தைக் கீழே வைத்தே இருக்க வேண்டும்.

“பார்வை திரும்ப வருமா டொக்டர்?” என்று கேட்டேன்.

“வரும் எண்டுதான் செய்திருக்கிறம். பாதி வேலை என்ர, மிச்சம் உங்கட. தலையை நிமித்தாதேங்கோ,” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்துதான் பேசுவார்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பெண் தாய்வீட்டுக்குத்தான் போவாள். என் தாய்வீடு மடுல்கெல்லையில், தேயிலைத் தோட்டத்து மலையில். கணவர் வேன் பேசிவிட்டார், அம்மா கோழியும் பார்த்து வைத்துவிட்டார். விடைபெறும்போது டொக்டர் சும்மா கேட்பது போல ஊரைக் கேட்டார். சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார்.

“மலை ஏறினால் குமிழி ஊதும். கண்ணில அழுத்தம் கூடினால் இருக்கிற பார்வையும் போயிடும். குமிழி கரையும் மட்டும் கண்டிக்கு மேல போகக்கூடாது.”

தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, கத்தரிக்காய் சாப்பிடலாமா என்றெல்லாம் கேட்டிருந்தேன். வீடு மலையில் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

வேன் கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீட்டுக்கே திரும்பியது. அப்பாவையும் மாட்டையும் விட்டு அம்மாவால் வர முடியவில்லை. கணவர் லீவு போட்டார். நான் கட்டிலின் விளிம்பில் நெற்றியைத் தலையணைமேல் அழுத்திக் கிடந்தேன். தரை மட்டும் தெரிந்தது. நாலு வயது மகள் கூப்பிடும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது. உடனே, குமிழி நகர்ந்திருக்குமோ, படலம் மறுபடி கழன்றிருக்குமோ என்று பயந்து நெற்றியை மறுபடி அழுத்தினேன்.

நான் இரவல் எடுத்திருந்த புத்தகங்களைக் கொடுக்கக் கணவர் பொது நூலகத்துக்குப் போனார். அங்கே மேசையில் இருக்கும் முஸ்லிம் பெண்மணி என்னை விசாரித்திருக்கிறார்.

“வாசிக்கேலாட்டி கேக்கேலுமே,” என்றாராம். “அவங்கட கார்ட் நம்பரப் போட்டா கதப் புத்தகம் போன்லயே வரும். சும்மாதான்.”

எத்தனையோ வருடம் அந்த அட்டையைப் பையில் வைத்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

“சும்மாவா? அப்புறம் பில் வந்துட்டா என்னங்க?”

“வந்தாலும் ஒனக்குத்தான் இப்ப வாசிக்க ஏலாதே,” என்றார் கணவர்.

கேட்டால் கண்ணுக்குக் கெடுதலோ என்று அடுத்த சந்தேகம். போனில் கேட்டபோது டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். “தாராளமாக் கேளுங்கோ. கேக்கிறது காதெல்லோ?”

போனைத் தரையில் வைத்து, வீட்டுப் பங்குக்காகச் சண்டை பிடிக்கும் ஒரு குடும்பத்தின் கதையைப் போட்டேன். மகள் பாயை இழுத்து வந்து என் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தாள். அவ்வளவு நாளில் அன்றுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

“அம்மா, அந்தத் தாத்தா ஏன் வீட்டக் குடுக்க மாட்டேங்குறாரு?”

“தெரியலையே. கேப்போம்.”

சின்னப் பிள்ளை கேட்கும் கதையா இது என்று மனம் அரித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு நான் தலையைத் தூக்கப் போனால், “கீழ போடுங்கம்மா, கத போகுது,” என்று அதட்டினாள். அதன்பிறகு என் கழுத்து அடங்கிவிட்டது.

பரிசோதனை நாளில் டொக்டர் வெகுநேரம் உள்ளே பார்த்தார். “வடிவா ஒட்டியிட்டுது,” என்றார். “உங்கட பாதியைச் செய்திட்டியள்.” குமிழி நாளுக்கு நாள் சுருங்கி, பார்வையின் அடியில் தளும்பும் ஒரு சின்ன வட்டமாகி, ஒரு காலையில் காணாமல் போனது.

இடக்கண்ணில் நேர்கோடுகள் இன்னும் லேசாக வளைந்து தெரிகின்றன. போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம். கொஞ்சம் வாசித்தாலே கண் களைக்கிறது. களைத்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கிறேன். சோறு வேக ஓர் அத்தியாயம், துணி காயப்போட அரை அத்தியாயம் என்று என் பொழுது இப்போது வேறு மாதிரி நடக்கிறது. நேற்று ஒரு கதை முடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று ஒரேயொரு தடவைதான் எழுந்து போய்ப் பார்த்தேன்.