மாடிப் போர்ஷனுக்கு வாங்கிய போக்கியம்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். எனக்கு விரலே கிடையாது, வீக்கம் மட்டும் இருந்தது. 2007-ல் கடலூரில் கிளார்க்காக இருந்த நான், சிதம்பரத்தில் நாலு போர்ஷன் வீடு ஒன்றுக்கு விலை பேசினேன். பதினாலு லட்சம். வாடகையை வைத்துத் தவணையில் பாதியைக் கட்டிவிடலாம். ரிட்டயரான பிறகு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வங்கி மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்க குடியிருக்கவா, வாடகைக்கு விடவா?" வாடகைக்கு என்றேன். "அப்போ நாலுல ஒரு பங்கு உங்க கைக்காசா இருக்கணும் சார்." மூன்றரை லட்சம். என்னிடம் இருந்ததோ ஒன்றரை.

புரோக்கர் வழி சொன்னார். "மாடி போர்ஷன இப்பவே போக்கியத்துக்கு விட்டுடுங்க சார். ரெண்டு லட்சம் வாங்கிடலாம்." போக்கியத்தில் மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருப்பார்கள், காலி செய்யும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். வாங்காத வீட்டில் குடிவைப்பது எனக்கு அப்போது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

என் மனைவிக்குப் பழக்கமான நர்ஸம்மா ஒருவர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இருந்தார். மகள் சிதம்பரத்தில் இருந்தாள். "மக வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும் சார், மக வீட்டுல இருக்கக் கூடாது. மருமகன் மூஞ்சிய பாத்து சோறு திங்க என்னால முடியாது" என்றார். ரெண்டு லட்சத்தைத் தந்தார். என் ஒன்றரையையும் சேர்த்து மூன்றரை லட்சத்தையும் வீட்டுக்காரருக்கு அட்வான்ஸாகக் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் அக்ரிமென்ட் போட்டேன்.

ரசீதைப் பார்த்த மேனேஜர், "ஏது இவ்ளோ பணம்?" என்றார். பெருமையாகப் போக்கியப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். நானேதான் நீட்டினேன். நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. "இது கைக்காசு இல்ல சார், கடன். உங்க பேருக்கே வராத வீட்டுல இன்னொருத்தருக்கு உரிமை எழுதிக் குடுத்திருக்கீங்க. லோன் வராது."

வேறு கடன் கேட்டு நாயாக அலைந்தேன். கெடு முடிந்தது. அக்ரிமென்டில் இருந்தபடி அட்வான்ஸ் வீட்டுக்காரருக்கே போயிற்று.

நர்ஸம்மா மினி லாரியில் சாமான்களோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. "பணமும் இல்ல, வீடும் இல்லன்னா நான் எங்க போவேன் சார்? பணம் குடுக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்." எங்களுடையது ரெண்டு அறை வீடு. முன்னறையை அவருக்கு விட்டோம். நாலு போர்ஷனுக்கு ஆசைப்பட்டவன் மனைவி பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பி முன்னறையைத் தாண்டும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இப்படியே நாலு வருஷம். சீட்டு எடுத்து, மனைவியின் வளையல்களை விற்று, ஒருவழியாக ரெண்டு லட்சத்தை அவர் முன் வைத்தேன். பாரம் இறங்கிவிடும் என்று நம்பினேன்.

அவர் பணத்தைத் தொடவில்லை. "சிதம்பரத்துல விசாரிச்சேன் சார். அந்த மாதிரி மாடி போர்ஷனுக்கு இப்ப அஞ்சு லட்சம் போக்கியம் கேக்கறாங்க. இத வச்சுகிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

கடைசியில் பணத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, மகளுக்குப் போன் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் வண்டி கொண்டுவந்தார். நர்ஸம்மாவின் கட்டிலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம வீட்டுல எடம் இல்ல அத்த, வித்துடலாம். நீங்க ஹால்ல பாய் போட்டுக்கலாம்" என்றார்.

நர்ஸம்மா சரி என்று தலையாட்டினார்.