பால்மா டின்னுக்குள் ஒரு வண்டு

போன ஞாயிறு மேல்மாடி பவளமக்கா ஒரு கசெட்டோடு கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தங்கை பேசி அனுப்பியது. சண்டைக்கு நடுவே கிளாலிக் கடல் தாண்டி, யாரோ ஒருவரின் சட்டைப் பையில் வந்திருக்கிறது. குரல் மிகவும் மெலிவு. அக்காவின் செட்டில் கேட்கவில்லையாம். நான்தான் அம்பிளிஃபயர் செய்து வைத்திருக்கிறேனே...

பெருமையோடு போட்டேன். ம்ம்ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு பெண்குரல்.

"தம்பி, இதில தங்கச்சி கதைக்கிறாளோ, வண்டு கதைக்குதோ?"

"கரண்ட் இரைச்சல் அக்கா. எடுத்துப்போடலாம்."

"எடு ராசா. எல்லாரும் சுகமெண்டுதான் அவள் சொல்லுவாள். ஐயா ஒரு சொல்லெண்டாலும் கதைக்கிறாரோ எண்டு கேக்கோணும்."

ஐயா என்றால் அக்காவின் தகப்பனார். மாரி தொடங்கியதும் படுக்கையில் விழுந்தவர் என்று கேள்வி. அதற்குப் பிறகு செய்தி இல்லை.

வண்டு எங்கிருந்து வந்தது? என் புத்திசாலித்தனத்திலிருந்துதான். தமிழ் வீட்டில் வயர் நீட்டிக்கொண்டிருந்தால் செக்கிங்குக்கு வரும் ஆமிக்கு அது குண்டில்லை என்று யார் விளக்கம் சொல்வது? அதனால் எல்லாவற்றையும் ஒரு பால்மா டின்னுக்குள் அடைத்திருந்தேன். கரண்டை இறக்கும் டிரான்ஸ்ஃபோமர், குரல் உள்ளே போகும் மெல்லிய வயரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு இரையாமல் என்ன செய்யும்?

டிரான்ஸ்ஃபோமரைக் கழற்றி, ஒரு முழ வயரில் வெளியே வைத்தேன். பாதி போனது. உள்ளே போகும் வயருக்குப் பதிலாக, மேலே கம்பி வலை சுற்றிய வயர் போட்டேன். கண்ட கண்ட இடத்தில் பற்றவைத்திருந்த ஏர்த் வயர் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, டின்னையும் அதோடு சேர்த்தேன். வண்டு செத்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "செக்கிங்குக்கு வந்தா இதை என்னெண்டு சொல்லுறது?"

"பாட்டுக் கேக்கிற பெட்டி எண்டு சொல்லுங்கோ."

"பெட்டிக்கு ஏன் குடல் வெளிய கிடக்குது?"

கசெட்டை மறுபடி போட்டேன். தங்கையின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவு. ஆனால் பின்னால் புதிதாக ஒரு சத்தம்... கிர்ர், கிர்ர். இது வேறா? ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு. அது சைக்கிள்."

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பெட்டரிக்கும் அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரெக்கோர்டர் ஓடுகிறது. சரி, சுற்றுவது யார்?

தங்கை மூச்சு வாங்கிய இடைவெளியில், தள்ளியிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. "கெதியாக் கதை பிள்ளை. எனக்குக் கை உளையுது."

அக்கா ஸ்பீக்கரோடு காதை ஒட்டினார்.

"ஐயா! படுக்கையில கிடக்கிற மனுசன் சுத்துமே?" என்றார். "திருப்பிப் போடு."

அந்தக் கிர்ரையும் குறைக்க வழி இருக்கிறது என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

இரைச்சலை எப்படி எடுப்பது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும் — எதை எடுக்கக்கூடாது என்பதை மட்டும் மேல்மாடி அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.