ஊரப்பாக்கம் சிட்டிபாபு போட்ட தரம்

அப்பா விட்டுப்போன வயல் மனைகளாகி விற்றுப்போன பின், ஊரப்பாக்கம் சிட்டிபாபுவுக்கு வேலை என்று எதுவும் மிஞ்சவில்லை. ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளின் வாடகை மாதம் பிறந்தால் தானாக வந்துவிடும். சும்மா இருக்கிற மனிதருக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது. கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெளிநாட்டு நாணயங்களுக்குத் தரம் போடுகிறவர் ஆனார். யாரும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடும் நாணயச் சங்கத்தில்தான் அவருடைய தீர்ப்புகள் அரங்கேறும். விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டும் ஆரோன், பயணிகள் கொடுத்த சில்லறையை டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஹாங்காங் காசு ஒன்று பளபளவென்று மின்னியது.

"இன்னா ஆரோன், புளி போட்டுத் தேச்சியா?"

"மாமியார் சொம்பு தேச்சுகினு இருந்தாங்க சார். கூடவே இதையும் ஒரு தேய் தேச்சுட்டாங்க."

"காசு இன்னா சொம்பா? அதுக்கு மேல ஒரு தோல் கீது. அத உரிச்சுட்டு என்கிட்ட நீட்டாத. தேச்ச காசுக்குத் தரமே கெடயாது."

சொல்லிவிட்டு, செத்த பூச்சியைத் தள்ளுவதுபோல் அந்தக் காசை மேஜை விளிம்புக்குத் தள்ளினார். ஆரோன் பாவம், அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிட்டிபாபுவின் சொந்தப் பெருமை, எட்வர்டு மன்னர் தலை பொறித்த பழைய மலாயா வெள்ளி டாலர். நாணயசாலையிலிருந்து வந்த நாள் முதல் கை படாதது என்று அதற்கு அவரே தரம் போட்டிருந்தார். ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தராசு, பூதக்கண்ணாடி, கடைச் சாவிக்கொத்து ஆகியவற்றோடு அந்த டாலரும் பலகையில் ஏறும். கிரீடத்துக்குக் கீழே மன்னரின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். மறுநாள் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். வேட்டி முனையை நனைத்து, மன்னர் நெற்றி பளிச்சென்று ஆகும்வரை வட்டவட்டமாகத் தேய்ப்பார். அவர் கணக்கில் அது பக்தி.

இந்த ஆண்டு சங்கத்தின் கண்காட்சிக்குத் தலைமை நடுவர் ஆக வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்தது. செயலாளர் மிருதுளா ஒரு நிபந்தனை சொன்னாள்.

"நடுவரா வர்றவங்க சொந்தக் காசு ஒண்ணை வெளியில கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பித் தரம் வாங்கணும் சார். கமிட்டி டிசைட் பண்ணிடுச்சு."

"அனுப்பினா போச்சு" என்றார். தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் 'தலைமை நடுவர்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் டாலரையே கூரியரில் போட்டார்.

பார்சல் திரும்பி வந்தது. வீட்டில் பிரிக்கவில்லை, பெருமையைத் தனியாகப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. சங்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் மிருதுளாவைப் பிரிக்கச் சொல்லி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். உள்ளே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் டாலரை வைத்து மூடி முத்திரையிட்டிருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தவள் கொஞ்சம் தயங்கினாள்.

"கிளீன் பண்ண காசுன்னு போட்டிருக்காங்க சார். கிரேடு நம்பர் தரல. நெத்தியில மட்டும் ரவுண்டா தேச்ச கீறல் இருக்காம்."

"நெத்தியிலயா?" என்றார் ஆரோன். "ராஜாவுக்கு எவன் சார் பொட்டு வெச்சு அழிச்சான்?"

மண்டபத்து மாடியே சிரித்தது. ஆரோன் வேடிக்கைக்குத்தான் சொன்னார். சிட்டிபாபுவின் முகம் மட்டும் கறுத்துவிட்டது.

"கூரியர்காரன் தேச்சிருப்பான்" என்றார். நெற்றியைத் தேடிப்பிடித்துத் தேய்க்கிற கூரியர்காரன்!

"அப்போ இந்த வருஷம் நடுவர் வேற ஆள் பாக்கறோம் சார்" என்றாள் மிருதுளா.

வீட்டில் மனைவி ஹேமாவதி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வருஷா வருஷம் நீங்கதான உக்காந்து தேச்சீங்க?"

"அது பூஜைடி. கிளீனிங்கா அது?"

"ஆரோன் மாமியார் புளிக்கு ஒரு ஞாயம், உங்க வேட்டிக்கு ஒரு ஞாயமா?"

 அச்சாகி வந்திருந்த விசிட்டிங் கார்டுகளை எடுத்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. டாலர் பெட்டியோடு பலகையில் ஏறியது. மன்னரின் நெற்றியை இனி அவரால் தொட முடியாது. சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, சீட்டில் 'கிளீன் பண்ண காசு' என்றிருந்த இடத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஹேமாவதி ஈரத்துணியோடு பலகையை நெருங்கியதுதான் தாமதம், கூடத்திலிருந்து ஓடிவந்தார்.

"அதுல கைய வெக்காத! காசைத் தொடைக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தினி வாட்டி சொல்றது?"